இடப்பக்கம் சாய்த்து எடுத்த படம்

மூச்சை இழுங்க,
அடக்குங்க,
விடுங்க.
ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்கிறேன்
ராமேஸ்வரம் ஆஸ்பத்திரியின் ஏழாம் நம்பர் அறையில்.
ஏசி அங்கே மெஷினுக்கு,
எனக்கல்ல.

நம்புவள்ளி, நாற்பத்தொன்று, சின்னப்பாலம்
என்றிருந்தது சீட்டில்.
தொழில் என்ற இடத்தில் யாரோ 'வீட்டு வேலை' என்று எழுதியிருந்தார்கள்.
விரல்களில் துணி சுற்றிய தடம்,
மூக்குத்தண்டில் முங்குகண்ணாடி அழுத்திய பள்ளம்.
குருசடைக்கு அந்தப் பக்கம்
மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறவள்.
ஒரு முங்குக்கு எண்பது எண்ணலாம் என்று
கூட வந்த மதினி சொன்னாள்.
இவளுக்குப் பேச மூச்சில்லை.

நெஞ்சைத் தட்டோடு ஒட்டி நின்றாள்.
அடக்குங்க என்றேன்.
இரண்டு எண்ணுவதற்குள் இருமிவிட்டாள்.
முதல் படம் கலங்கல்.
அடுத்ததிலும் தோள் அசைந்திருந்தது, ஆனாலும் போதும்:
இடது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளை.

காற்று கறுப்பாக விழும்.
தண்ணீர் வெள்ளை, ரத்தம் வெள்ளை, சீழும் வெள்ளை.
எது எதுவென்று படம் சொல்லாது.

"நீர் கோத்திருக்கு, மாத்திரை எழுதியிருக்கேன்,
பத்து நாள் கழிச்சு வரட்டும்" என்றார் டூட்டி டாக்டர்.
வெளியே இன்னும் நாற்பது பேர்.

எனக்கு அதன் விளிம்பு உறுத்தியது.
நெஞ்சில் சேரும் நீருக்கு ஒரு பழக்கம் உண்டு,
அக்குள் பக்கம் மெல்ல ஏறிப் பிறையாய் வளையும்.
இது வளையவில்லை.
விலாவிலிருந்து உள்நோக்கி உப்பியிருந்தது,
ஒட்டிவைத்த மட்டி ஓடு மாதிரி.

யாரையும் கேட்காமல் எடுத்தேன் அடுத்ததை.
"அக்கா, இடப்பக்கம் சாஞ்சு படுங்க."
மதினியின் வளையல் நெளிகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டு படுத்தாள்.
ஐந்து நிமிடம் காத்திருந்தேன்.
ஓடுகிற நீர் என்றால்
ஓதம் ஏறுவதுபோல் விலா நெடுகப் பரவவேண்டும்.
பரவவில்லை.
ஓதம் வற்றியபின் பாறைக்குழியில் மாட்டிக்கொண்ட தண்ணீர்
மூன்றாம் நாள் எப்படி நாறும் என்று
இந்தக் கரையில் வளர்ந்த எனக்குத் தெரியும்.
அதற்குமேல் தெரிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை.
படம் எடுப்பதுதான் என் வேலை, படிப்பதல்ல.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
"சார், இது நகரலை" என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்,
என்னையல்ல, படத்தை.
"காய்ச்சல் எத்தனை நாளா?"
"இருபது" என்றாள் மதினி.
"நடுவுல கடலுக்குப் போனாளா?"
மதினி தரையைப் பார்த்தாள்.
"பௌர்ணமிய ஒட்டி ஆறு நாள்தான் சார் பாசி.
அதுல அஞ்சு நாள்தான் போனா."

ஊசியில் இழுத்தபோது வந்தது
திரிந்த மோர்.

பாம்பன் பாலத்தில் ஆம்புலன்ஸைக்
கச்சான் காற்று ஒரு பக்கமாகத் தள்ளியதாம்.
ராமநாதபுரத்தில் விலாவில் குழாய் போட்டு
அதன் முனையைப் புட்டித் தண்ணீருக்குள் முக்கிவைத்திருந்தார்கள்.
ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன், எதற்கென்று கேட்காதீர்கள்.
அவள் இருமும்போதெல்லாம் புட்டியில் குமிழி.
கட்டிலிலிருந்து தலையைத் தொங்கவிட்டு அதையே பார்த்திருந்தாள்.
"நான் விடுற குமிழி எனக்கு மேல போகும் தங்கச்சி,
மேல இருந்து இப்பத்தான் பாக்குறேன்."

ஏழு வாரம் கழித்து
மறுபடி என் தட்டின் முன்னால்.
மூச்சை இழுங்க.
அடக்குங்க.
பொத்தானை அழுத்திவிட்டுத் திரைக்குத் திரும்பினேன்.
வெள்ளை வடிந்திருந்தது.
கீழ்மூலை மட்டும் கூர் மழுங்கி,
தழும்பாக இருக்கலாம், அதையும் நான் சொல்லக்கூடாது.
பெரிதாக்கிப் பார்த்தேன், சுருக்கிப் பார்த்தேன்,
அடுத்த சீட்டின் பெயரைத் தட்ட ஆரம்பித்தேன்.
பாதிப் பெயரில்தான் உறைத்தது,
மூன்றாவது வார்த்தையை நான் சொல்லவேயில்லை.

திரும்பினால்
தட்டைக் கட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறாள்,
கன்னம் உப்பி,
கண்ணோரத்தில் சிரிப்பை மட்டும்
அடக்கமுடியாமல்.